முழுகாமல் இருக்கும் வீடு

வீட்டுக்கு எடை கூடிவிட்டது என்று அதிகாரி வந்து சொன்னபோது மூக்காண்டி முதலில் பார்த்தது அதிகாரியின் தொந்தியைத்தான்.

"எல்லாருக்குந்தான் கூடும். இதைச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வெயில்ல வந்தீரு?"

அதிகாரியின் பெயர் தயாளன். குடியிருப்பு ஆபீசில் இன்ஜினியர். கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் கையில் ஒரு கண்ணாடிப் பலகையை வைத்துக்கொண்டு அதில் தெரிவதை மட்டுமே உலகம் என்று நினைக்கிறவர். பலகையைத் திருப்பிக் காட்டினார். ஒரு கோடு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. மூக்காண்டி அதைப் பார்க்கவே இல்லை.

கடல் ஏறிவந்த பிறகு, தூத்துக்குடி உப்பளக் கரைகளில் வீடுகளைத் தரையில் கட்டுவதை விட்டுவிட்டார்கள். இடுப்பு உயரத்துக்கு நாலு தூண், அதன்மேல் வீடு. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ கட்டில்களை வரிசையாகப் போட்டு வைத்ததுபோல இருக்கும். அரசாங்கம் அந்த இடத்துக்கு வைத்த நீளமான பெயரை எவரும் சொல்வதில்லை. கட்டில் காலனி என்றால் ஆட்டோக்காரனுக்கும் தெரியும், தபால்காரனுக்கும் தெரியும். ஒவ்வொரு தூணுக்கும் அடியில் ஒரு எடைக்கருவி புதைத்திருந்தார்கள். வெள்ளம் மண்ணை அரித்து வீடு ஒரு பக்கம் சாய்ந்தால் உடனே ஆபீசுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக. அப்படி ஒரு சாய்வும் இதுவரை வந்ததில்லை. இப்போது வந்திருப்பது வேறு வினை.

"காலனி மொத்தமும் எடை ஏறுது பெரியவரே. உங்க வீடு கடலை ஒட்டின கடைசி வீடு, அதுதான் எல்லாத்தையும்விட அதிகம். உள்ளே என்ன வச்சிருக்கீங்க? உப்பு மூட்டையா? இல்லே, கூடுதலா யாரையாவது குடி வச்சிருக்கீங்களா?"

"வச்சிருக்கேன்." மூக்காண்டி உள்ளே திரும்பினார். "ஏ பூங்கனி! செத்த வெளியே வாம்மா."

பேத்தி பூங்கனி, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, வயிறு முன்னே வர அவள் பின்னே வந்தாள்.

"இந்தா, இதுதான் கூடுன ஆளு. எழுதிக்கிடும்."

பூங்கனி சிரித்துவிட்டாள். தயாளனும் சிரித்திருப்பார், ஆனால் சிரித்துவிட்டு அடுத்ததைச் சொல்ல முடியாது என்பதால் அடக்கிக்கொண்டார்.

"விளையாட்டு இல்லம்மா. தூண் தாங்குறதுக்கு ஒரு அளவு இருக்கு. அதைத் தாண்டினா மடிஞ்சிரும். வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாரும் காலி பண்ணணும். பள்ளிக்கூடத்துத் தகரக் கொட்டகையிலே இடம் போட்டிருக்கோம்."

சிரிப்பு அப்படியே நின்றது. வெள்ளிக்கிழமை பூங்கனிக்கு வளைகாப்பு. பெற்றவள் இல்லாத பிள்ளை, புருஷன் கப்பலில். இந்த வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. மூக்காண்டி பிறந்தது உப்பள வரப்பில், சாக்கைக் கட்டி மறைத்த நிழலில். அவர் மகள் பிறந்தது வாடகை வீட்டில். வீட்டுக்காரன் நச்சரிப்பில் அவர் பெண்சாதி பச்சை உடம்போடு வெளியேறினாள். தன் கதவு, தன் கூரை, அதில் ஒரு தொட்டில். வாழ்க்கையில் அவர் கேட்டது அவ்வளவுதான். கொக்கியைக்கூட உத்தரத்தில் மாட்டிவிட்டார்.

"தகரக் கொட்டகையிலே இந்த வெயிலுக்கு நாய் படுக்குமாவே?" என்றார். "ஒம்ம தராசு சொல்லுதுன்னு நான் எறங்கணுமாக்கும்?"

தராசு என்ற சொல்லை அவர் வாய் கெட்டவார்த்தையைப்போலத்தான் சொல்லும். காலமெல்லாம் உப்பு மூட்டை சுமந்தவர். அளத்தில் ஒரு எடை, லாரி எடைமேடையில் ஒரு எடை, கூலி வாங்கும்போது மூன்றாவதாக ஒரு எடை. ரேஷன் கடையில் தட்டுக்கு அடியில் கையைவிட்டுத் தடவிப் பார்க்காமல் ஒரு சாமான் வாங்கமாட்டார். ஆஸ்பத்திரியில் "ஏறி நில்லுங்க தாத்தா" என்றால், "நான் எவ்வளவு இருக்கேன்னு எனக்குத் தெரியும், நீ ஊசியைப் போடு" என்பார்.

தயாளனோடு வந்த பெண் ஒருத்தி இவ்வளவு நேரமும் பேச்சில் கலக்காமல், வெளிச்சுவரைக் கையால் தடவிக்கொண்டே நடந்தாள். பிறகு காதை வைத்துக் கேட்டாள். சுவரிடம் என்ன கேட்கிறாள் என்று மூக்காண்டிக்கு எரிச்சலாக வந்தது.

"தாத்தா, நான் ஜெனோவா. காலேஜ் லேபிலே இருந்து வாரேன். இந்தச் சுவத்திலே ஒரு துணுக்கு வேணும்."

"எதுக்கு?"

"சூடு பண்ணிக்கிட்டே நிறுத்துப் பார்க்கணும். எடை எப்படி மாறுதுன்னு பார்த்தா, உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியும்."

"நீ எடுத்துட்டுப் போவ. அங்கே போயி வேற மண்ணை வச்சிக்கிட்டு இதுதான் ஒம்ம வீடும்ப."

"அப்ப நீங்களே எடுத்துக் குடுங்க."

"குடுக்க மாட்டேன். நானே கொண்டாரேன்."

சுத்தியலால் ஒரு தட்டு. உதிர்ந்த துணுக்கை வேட்டி முனையில் முடிந்துகொண்டு, ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே ஜீப்பில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இந்த வெயில் காலம் வந்தபிறகு ஈரத்துண்டு இல்லாமல் எவரும் தெருவில் இறங்குவதில்லை. தயாளன் தன் ஜீப்பில் பின்சீட்டில் போகவேண்டியதாயிற்று.

லேப் குளிர்ச்சியாக, உலர்ந்து, மருந்துக்கடை வாசத்தோடு இருந்தது. மூலையில் பீரோவின் பாதி உயரத்துக்கு ஒரு வெள்ளை மிஷின்.

"இதுக்குப் பேரு தெர்மோகிராவி..."

"பேரு கெடக்கட்டும். வேலையைச் சொல்லு."

"ஒரு தராசு. ஒரு அடுப்பு. தராசுத் தட்டு அடுப்புக்குள்ளே தொங்குது. அவ்வளவுதான்."

ஒரு அடுப்புக்கு இவ்வளவு பெரிய காலேஜா என்று தோன்றியது அவருக்கு. ஜெனோவா இடுக்கியால் ஒரு குட்டிக் கிண்ணத்தை எடுத்தாள். மூக்குத்தித் திருகாணி போடலாம், அவ்வளவு சின்னது. அதைக் காலியாகவே உள்ளே வைத்து மூடினாள்.

"ஏ, ஏ! சாமான் இங்கே என் மடியிலே இருக்கு. நீ எதை நிறுக்க?"

"வெறுந்தட்டைத்தான். சூடு ஏற ஏற, சுத்தியிருக்கிற காத்து லேசாயிரும். லேசான காத்து தட்டை அவ்வளவா தாங்காது. அதனால ஒண்ணுமே வைக்காட்டியும் எடை கூடினாப்பல காட்டும். அந்தப் பொய் எவ்வளவுன்னு முதல்ல தெரிஞ்சுக்கிட்டு, கடைசியிலே அதைக் கழிச்சிருவேன்."

மூக்காண்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தராசு பொய் சொல்லும் என்று அவர் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். தராசுக்காரியே அதை ஒத்துக்கொண்டு, முன்கூட்டியே பொய்யை நிறுத்து வைக்கிறது இப்போதுதான். ஆனாலும் ஒரு தடவை ஒத்துக்கொண்டதற்காக நம்பிவிட முடியுமா? நாற்காலியை மிஷினுக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஈரத்துண்டு கழுத்தில் சொட்டியது. மிஷினின் பக்கவாட்டில் சல்லடைபோல ஒரு தகடு, வாகாக ஒரு கைப்பிடி. துண்டைப் பிழிந்து அதில் காயப்போட்டார்.

வெறுந்தட்டு முடிந்தது. சுவர்த் துணுக்கு உள்ளே போனது. திரையில் ஒரு கோடு ஊர்ந்தது.

"இப்போ இறங்கும்" என்றாள் ஜெனோவா. "எதைச் சுட்டாலும் உள்ளே இருக்கிற ஈரம் போகும், எடை குறையும். அதுதான் வழக்கம்."

கோடு கொஞ்சம் இறங்கியது. பிறகு நின்றது. பிறகு, வழக்கமாவது ஒண்ணாவது என்பதுபோல, ஏற ஆரம்பித்தது.

அவள் முகம் மாறியதை மூக்காண்டி கவனித்தார். அதிகாரிகள் முகம் மாறினால் நமக்குத்தான் கேடு என்பது அவர் அனுபவம்.

"என்ன தாயி?"

"ஏதோ உள்ளே போகுது. வெளியே இருந்து எதையோ வாங்குது." அவள் குரல் தணிந்தது. "உங்க சுவரு கட்டின உப்புக்கல், உப்பு வாரின பெறகு மிஞ்சுற கசப்புத் தண்ணியையும் அனல்மின் சாம்பலையும் குழைச்சுச் செஞ்சது. சாம்பல்ல இரும்புத் தூள் இருக்கும். இரும்பு காத்தைத் தின்னுதுன்னா..."

"துரு" என்றார் தயாளன். "துருப்பிடிச்சா பெருக்கும். பெருத்தா சுவர் வெடிக்கும்."

அன்றைக்கு அத்தோடு மூக்காண்டியைப் பஸ் ஏற்றிவிட்டார்கள். காலனிக்குத் திரும்பியபோது இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் சாமான் கட்டத் தொடங்கியிருந்தார்கள். எதிர்வீட்டு இசக்கியம்மாள் மட்டும் கட்டவில்லை. அவளுக்குக் கட்டச் சாமான் அதிகம், வாயும் அதிகம்.

"என்ன சொல்லுதாவ?"

"துருவாம்."

"வீட்டுக்கா, ஒமக்கா?"

மறுநாள் உச்சிவேளையில் தயாளன் போன் செய்தார். காலையில் அதே துணுக்கை மறுபடி வைத்துப் பார்த்தார்களாம். ஏறவே இல்லையாம். இறங்கியதாம், சாதுவாக.

"மிஷின் நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு சொல்லுது. நான் எதை எழுதுறது பெரியவரே? கெட்டதை வச்சுத்தான் எழுதணும். துருன்னே போட்டுட்டேன். காலி பண்ணிருங்க."

மூக்காண்டி போனை வைத்த வேகத்தில் பஸ் ஏறினார். லேப் கதவைத் தள்ளித் திறந்தபோது ஜெனோவா அதே துணுக்கோடு இன்னொரு தடவை முயன்றுகொண்டிருந்தாள். கண் சிவந்து, தலை கலைந்து, மேசையில் ஆறிப்போன டீயோடு.

"ஏ தாயி! நேத்து ஏறிச்சு, இன்னைக்கு எறங்கிச்சாமே? எங்க ஊரு உப்பு வியாபாரி தராசுகூட ஒரு நாளைக்கு ஒரே பொய்யைத்தான் சொல்லும்!"

"தாத்தா, என் தராசு பொய் சொல்லாது."

"நீதானே சொன்ன, வெறுந்தட்டே பொய் சொல்லும்னு?"

"அந்தப் பொய்யை நான் கழிச்சிட்டேன்! அடுப்பைக்கூட உச்சி வெயில் சூட்டிலேயே நிறுத்தி வச்சுப் பார்க்கேன். இதோ பாருங்க, எவ்வளவு சமத்தா..."

சண்டை நன்றாகச் சூடு பிடித்தது. பேசப் பேச மூக்காண்டிக்கு வியர்த்தது. நாற்காலியை இழுத்துப் பழைய இடத்தில் போட்டார். துண்டை உதறி, பழைய கைப்பிடியிலேயே போட்டார். இருபக்கமும் கையை ஓங்கி ஓங்கிப் பேசினார். ஜெனோவா பதில் சொல்ல வாயைத் திறந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். அவள் அவரைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள்.

கோடு ஏறிக்கொண்டிருந்தது.

"தாத்தா."

"என்ன தாத்தா? ஏன், பதில் இல்லையோ?"

"அந்தத் துண்டை எடுங்க."

"எடுத்தா?"

"எடுங்களேன்!"

எடுத்தார். கோடு சற்று நேரம் தயங்கி, ஏறுவதை விட்டுப் படுத்தது.

"இப்போ போடுங்க."

போட்டார். கோடு எழுந்தது.

"எடுங்க... போடுங்க... மறுபடி எடுங்க..."

"என்ன தாயி, பஸ்ஸிலே எடம் பிடிக்கவா துண்டு போட்டு எடுக்கச் சொல்லுத?"

ஜெனோவா சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ரெண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவள் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தாள். படித்த பெண் இப்படிக் குதிக்கலாமா என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் கையை உருவிக்கொள்ளவில்லை.

"இந்தச் சல்லடை வழியாத்தான் மிஷின் காத்து இழுக்குது! இந்த ரூம் காத்து ஏசியிலே காஞ்ச காத்து. நேத்து நீங்க ஈரத்துண்டைப் போட்டீங்க, ஈரக்காத்து உள்ளே போச்சு, ஏறிச்சு. காலையிலே நீங்க இல்லை, ஏறலை. துருவா இருந்தா இப்படித் துண்டு போட்டதும் ஏறி, எடுத்ததும் நிக்காது தாத்தா! இது துரு இல்லை. இது தண்ணி!"

"தண்ணியா?"

"உலகத்திலே எல்லாப் பொருளும் சுட்டா தண்ணியை விடும். உங்க சுவர் சுட்டாத்தான் குடிக்கும். வெயில் ஏற ஏற அதோட துளையெல்லாம் திறக்குது. கடல் காத்திலே இருக்கிற ஈரத்தை இழுக்குது. ஆறினா மூடிக்கிட்டு உள்ளேயே வச்சுக்குது. உங்க வீடு கடலுக்குப் பக்கம், அதனால கூடக் குடிச்சிருக்கு."

மூக்காண்டி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். உள்ளே ஏதோ லேசானது. ஆனாலும் கேட்கவேண்டியதைக் கேட்டார்.

"குடிச்சது வெளிய வருமா?"

சிரிப்பு அடங்கியது. அவள் திரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், பிறகு நேராக அவர் கண்ணைப் பார்த்தாள்.

"வரணும். எப்போன்னு தெரியலை. இந்தத் துணுக்குக்கு இன்னும் வயிறே நிறையலை. நிறைஞ்சா விடும்னு நினைக்கேன். அதுக்கு முன்னாலே தூண் மடிஞ்சாலும் மடியும். எது முந்தும்னு எனக்குத் தெரியாது தாத்தா."

மூக்காண்டியின் வாழ்நாளில் எத்தனையோ படித்தவர்கள் அவரிடம் எதை எதையோ சொல்லியிருக்கிறார்கள். கடல் இதற்குமேல் ஏறாது என்றார்கள். கசப்புத் தண்ணீர் ஓடையில் விட்டால் ஒன்றும் ஆகாது என்றார்கள். தெரியாது என்று ஒருத்தரும் சொன்னதில்லை. இந்தப் பெண் சொல்கிறது, கண்ணைப் பார்த்துச் சொல்கிறது.

"சரி" என்றார். "பிள்ளத்தாச்சியை உள்ளே வைக்க மாட்டேன். வெளியே எறங்கிருதேன். ஆனா தகரக் கொட்டகைக்குப் போவ மாட்டேன். வளைகாப்பு வீட்டு முன்னால, வெட்டவெளியிலே. நீயும் வரணும்."

காலனியில் சேதியைச் சொன்னபோது இசக்கியம்மாள் முகவாயில் கைவைத்துக் கேட்டாள்.

"வீடு தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு வயிறு வச்சிருக்காக்கும்?"

"ஆமா."

"எப்ப எறங்கும்னு தெரியாதாக்கும்?"

"ஆமாங்கேன்."

"அப்ப முழுகாம இருக்குன்னு நேராச் சொல்லுமே! துருங்காரு, தூணுங்காரு. இந்தக் காலனியிலே முழுகாம இருக்கிறது பூங்கனி ஒருத்தின்னு பார்த்தா, அத்தனை வீடுமில்ல இருக்கு!"

அந்தச் சொல் ஒரே பொழுதில் கடைசித் தெருவரை போய்விட்டது. சாமான் கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட கட்டை அவிழ்க்காவிட்டாலும் சிரித்தார்கள். பூங்கனிதான் சொன்னாள், வயிற்றைத் தடவிக்கொண்டே: "அப்ப அதுக்கும் வளையல் போடணும் தாத்தா. எனக்கு மட்டும் போட்டா வீட்டுக்குப் பொறுக்காது."

வெள்ளிக்கிழமை பிற்பகலில், வீட்டிலிருந்து தள்ளி, பந்தல் போட்டார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, தேங்காய்ச் சோறு. சீல் வைக்க வந்த தயாளன் கையில் இலையைக் கொடுத்து உட்காரவைத்தார்கள். அவர் மடியில் பலகை, பலகையில் கோடு, கையில் தயிர்ச்சோறு. கோடு சிவப்பைத் தொட்டிருந்தது. தூணுக்குப் பக்கத்தில் யாரும் போகக்கூடாது என்று அவர் ஆட்கள் கயிறு கட்டியிருந்தார்கள்.

பூங்கனிக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பெண்கள் மாற்றி மாற்றி வளையல் போட்டார்கள். கண்ணாடிச் சத்தம் காற்றில் கலகலத்தது. அது முடிந்ததும் இசக்கியம்மாள், கயிற்றில் கோத்த பச்சை வளையல் சரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"அம்மா, அங்கே போகாதீங்க!" தயாளன் சோற்றுக்கையோடு எழுந்தார்.

"மாசமா இருக்கிறவளைத் தொடாம எப்படி வளையல் போட? நீரு சாப்பிடும்."

கயிற்றைத் தாண்டி ஓடினாள். முன்தூணைச் சுற்றி அரைஞாண் கட்டுவதுபோலச் சரத்தைக் கட்டினாள். சுவரை எட்டி ஒரு சந்தனப் பொட்டு. குலவைச் சத்தம் எழுந்தது. மூக்காண்டி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா, பயப்படுகிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை; அவருக்கே தெரியவில்லை.

அப்போதுதான் காற்று திரும்பியது. பல நாளாகச் செத்துக்கிடந்த கடல் காற்று, ஒரு குளிர் மூச்சாக உப்பளத்தின்மேல் வந்தது. பந்தல் துணி படபடத்தது. இலைகள் பறந்தன. எல்லாரும் இலையைப் பிடிக்கிற மும்முரத்தில் இருந்தபோது, தூணடியிலிருந்து இசக்கியம்மாளின் குரல், ஏழு ஊருக்குக் கேட்கிற குரல், கிளம்பியது:

"பனிக்குடம் உடைஞ்சிருச்சு! ஐயோ, பனிக்குடம் உடைஞ்சிருச்சு!"

மூக்காண்டி துள்ளி எழுந்தார். "வண்டி! வண்டியை எடுங்கலே! தயாளன் சார், ஜீப்பு!" பாதி எழுந்த தயாளன் சாவியைத் தேடி இலைமேலேயே உட்கார்ந்தார். மூக்காண்டி பேத்தியிடம் ஓடி, அவளை அப்படியே அள்ளித் தூக்கப் பார்த்தார். உப்பு மூட்டை தூக்கிய பழக்கம்.

பூங்கனி அவர் கையைத் தட்டிவிட்டாள். வளையல் குலுங்க, சிரிப்பை அடக்கமுடியாமல், விரலை நீட்டினாள்.

"எனக்கில்ல தாத்தா. வீட்டுக்கு!"

திரும்பிப் பார்த்தார். சுவர் முழுக்க வியர்த்திருந்தது. முத்து முத்தாக அரும்பி, முத்தும் முத்தும் சேர்ந்து, கோடாகி, கோடும் கோடும் சேர்ந்து, இதோ வழிகிறது. தூணில் கட்டிய வளையல் சரத்தின் மேலாக, சந்தனத்தைக் கரைத்துக்கொண்டு, மணலில் விழுந்து ஓடுகிறது. பக்கத்து வீட்டில், அதற்கடுத்த வீட்டில், வரிசை முழுக்க. ஆளில்லாத வீட்டிலும்.

"இறங்குது!" தயாளன் பலகையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கத்தினார். "எடை இறங்குது! சிவப்பை விட்டு இறங்கிருச்சு!"

ஜெனோவா கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, சுவரில் இரண்டு கையையும் விரித்து வைத்து நின்றாள். "காத்துக்காகக் காத்திருந்திருக்கு தாத்தா! வயிறும் நிறையணும், வெடுக்குன்னு குளிரவும் செய்யணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் விடுது!"

மூக்காண்டி மெல்லப் போனார். ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். நம்பவில்லை. இரண்டடி தள்ளி இன்னொரு இடத்தில் தொட்டு வைத்தார். பக்கத்து வீட்டுச் சுவருக்கும் போய் நக்கிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து தண்ணீர் என்றால் லாரியில் வருவது, இல்லையென்றால் கரிப்பது. உப்புச் சுவரிலிருந்து வந்த இந்தத் தண்ணீரில் உப்பில்லை.

"கரிக்கலை" என்றார். பிறகு சத்தமாக: "ஏ, கரிக்கலை! குடத்தைக் கொண்டாங்க! அண்டாவைக் கொண்டாங்க!"

புளிச்சோற்று அண்டாவைக் கழுவாமல்கூட வைத்தார்கள். பிள்ளைகள் சுவரில் முதுகைத் தேய்த்துக் குளித்தார்கள். சாமான் கட்டியவர்கள் கட்டை அவிழ்த்து முதலில் எடுத்தது குடங்களைத்தான்.

ஈரம் சொட்டச் சொட்ட நின்ற தயாளன் மூக்காண்டியின் காதருகில் வந்தார். சந்தோஷத்துக்கு நடுவிலும் இன்ஜினியர் இன்ஜினியர்தான்.

"பெரியவரே, இது தெரிஞ்சா இனி ஊரே இங்கே வரும். பெரிய ஆளுங்க வருவாங்க. இந்த வீட்டையெல்லாம் கேப்பாங்க. பார்த்துக்குங்க."

மூக்காண்டி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னார்.

"குடிக்க வரச் சொல்லும். குடியேற வரச் சொல்லாதீரும்."

அதைத் தயாளன் தன் அறிக்கையின் கடைசி வரியாக அப்படியே எழுதினார் என்று பின்னால் கேள்வி. எழுதினாரோ என்னவோ, கட்டில் காலனியில் இன்றைக்கும் சாயங்காலம் காற்று திரும்பினால் பக்கத்து ஊர்க்காரர்கள் குடத்தோடு வருகிறார்கள், குடத்தோடு போகிறார்கள்.

பூங்கனிக்கு நிஜமாகவே பனிக்குடம் உடைந்தபோது யாரும் நம்பவில்லை. அவள் கத்தினாள், "எந்த வீட்டுலம்மா?" என்று இசக்கியம்மாள் கேட்டாள். ஆனாலும் நல்லபடியாக நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். பெண் குழந்தை. கறுப்பு, கனமான அழுகை.

நர்ஸ் குழந்தையைத் தராசுத் தட்டில் வைக்கப் போனாள். மூக்காண்டி குறுக்கே கையை நீட்டினார்.

"பொறு தாயி. மொதல்ல வெறுந்தட்டைக் காட்டு."

"என்ன தாத்தா?"

"காட்டுன்னா காட்டு."

பார்க்க வந்திருந்த ஜெனோவா சுவரோரம் திரும்பி நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். நர்ஸ் வெறுந்தட்டைக் காட்டினாள். பூஜ்யம். மூக்காண்டி குனிந்து அடியில் கைவிட்டுத் தடவினார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, தன் தோளில் கிடந்த ஈரத்துண்டை எடுத்து ஜெனோவாவிடம் கொடுத்தார்.

"இதை வெளியே கொண்டுபோயி வச்சிக்கிட்டு நில்லு."

குழந்தையைத் தட்டில் வைத்தார்கள். அது கையை உதறியது, காலை உதறியது, தட்டையே உதைத்தது. எண் தாவியது, சரிந்தது, மறுபடி தாவியது.

"நிக்க மாட்டேங்குதே" என்றாள் நர்ஸ்.

"ஏறுதா, எறங்குதா?"

"ரெண்டுந்தான் தாத்தா. ஏறுது, இறங்குது, ஏறுது."

மூக்காண்டியின் முகம் முழுக்கச் சிரிப்பானது.

"அப்பச் சரி. எங்க வீட்டுப் பிள்ளைதான்."